பட்சி சொல்லுது

ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. அதை ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் ‘ஏன்?’ என்று கேட்க முடியாது. கேட்டால் நமக்குத்தான் நாகரிகம் போதாது என்று ஆகிவிடும். ‘இன்ஸ்டிங்க்டிவ்லி’. நம் ஊரில் அதை ‘இன்ஸ்டிங்க்டிவ்வா’ என்று வளைத்து வைத்திருக்கிறோம்.

சென்னையிலோ தாம்பரத்திலோ வாடகைக்கு வீடு விடும் ஒருவர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். “ஆளு டீசன்ட்டாதான் இருந்தாரு. ஐ.டி. கம்பெனி. பத்து மாச அட்வான்ஸ் கையில வெச்சிருந்தாரு. ஆனா பாருங்க, இன்ஸ்டிங்க்டிவ்வா தோணிடுச்சு, இவர் நமக்கு சரிப்பட்டு வர மாட்டார்னு.” எப்போது தோன்றியது என்று கொஞ்சம் தோண்டினால் விஷயம் வெளியே வரும். பெயர் கேட்டபோது தோன்றவில்லை. சொந்த ஊர் கேட்டபோது லேசாக அரித்தது. ‘அந்த ஊர்ல எந்தத் தெரு?’ என்று கேட்டுப் பதில் வந்த பிறகுதான் தோன்றியிருக்கிறது. மூன்று கேள்வி கேட்டு விசாரணை நடத்திய பின்பு வந்த தீர்ப்புக்குப் பெயர் இன்ஸ்டிங்க்ட்!

கம்பெனியில் ஆள் எடுப்பவர், ‘உள்ளே நுழைஞ்ச முதல் நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுடும்’ என்பார். மீதி இருபத்தொன்பது நிமிஷம் எதற்கு அந்தப் பையனை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்? வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால், எதற்கு அழுகிறது என்று அம்மாவுக்கு இன்ஸ்டிங்க்டிவ்வாகத் தெரியுமாம். அப்பாவுக்குத் தெரியாதாம். அவருடைய இன்ஸ்டிங்க்ட் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளச் சொல்லுமாம்.

இவர்களில் யாரும் ‘நான் முடிவு செய்தேன்’ என்று சொல்லவில்லை. கவனித்தீர்களா? முடிவு வந்துவிட்டது, வயிற்றுக்குள்ளிருந்து ஏப்பம் வருகிற மாதிரி. ஏப்பத்துக்கு யாரிடம் போய்க் காரணம் கேட்பது?

அதனால்தான் இந்த வார்த்தையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது. லத்தீன் மொழியில் ‘ஸ்டிங்குவெரே’ என்றால் குத்துவது. முன்னால் ‘இன்’ சேர்ந்தால் குத்தித் துரத்துவது. மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வண்டிக்காரர் கையில் தார்க்குச்சி, நுனியில் சின்னதாக ஒரு ஆணி. ‘இன்ஸ்டிங்க்டஸ்’ என்பது அந்த ஆணி வேலை. யாரோ தூண்டியதால் நடப்பது. இதன் பங்காளிதான் ‘இன்ஸ்டிகேட்’. ‘தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு’ என்று தினசரியில் படிக்கிறோமே, அந்தத் தூண்டுதலுக்கு ஆங்கிலச் சட்டத்தில் இந்தச் சொல்தான் நிற்கிறது. ஒரே வேர். ஒரு சொல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிற்று. இன்னொன்று நம் மனசாட்சிக்கு வக்கீலாகப் போயிற்று.

ரோமாபுரியில் கான்ஸ்டன்டைன் வளைவு என்று ஒரு பெரிய கல் தோரணம் இருக்கிறது. கி.பி. 312-ல் எதிரியை வென்றதற்காக 315-ல் அர்ப்பணித்தது. அதன் கல்வெட்டில் இந்தச் சொல் இருக்கிறது. தெய்வத்தின் தூண்டுதலாலும் தன் மனத்தின் பெருமையாலும் சக்கரவர்த்தி ஜெயித்தார் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தத் தெய்வம் என்று சாமர்த்தியமாகச் சொல்லாமல் விட்டது தனிக்கதை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: அன்றைக்கு ‘இன்ஸ்டிங்க்டஸ்’ என்று எழுதினால், தூண்டியது யார் என்றும் கூடவே எழுத வேண்டியிருந்தது. குச்சி இருந்தால் பிடித்த கை இருக்கும்.

ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்த பிறகு கொஞ்ச காலம் அது தூண்டுதலாகவே இருந்தது. அப்புறம் குச்சி மெல்ல உடம்புக்குள் போய்விட்டது. மிருகங்களை இயற்கையே உள்ளிருந்து குத்துகிறது என்றார்கள். ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில், ஓட்டைப் படகை விட்டு எலிகள்கூட ஓடிப்போயின என்று சொல்லும் இடத்தில் இந்த வினையுரிச்சொல் வருகிறது. 1611-வாக்கில் எழுதியது. எலிக்கு அந்த வார்த்தை பொருத்தம்தான். ஆனால் அதே ஆசாமி அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தில், மனிதன் இதை எதற்குப் பயன்படுத்துவான் என்றும் காட்டிவிட்டார். ஃபால்ஸ்டாஃப் என்கிற குண்டு வீரர். வழிப்பறி செய்த இடத்தில் மாறுவேஷத்தில் வந்த இளவரசனைப் பார்த்து அலறி ஓடுகிறார். பிறகு மாட்டிக்கொண்டதும் என்ன சொல்கிறார்? ‘நீ இளவரசன் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. உண்மையான இளவரசனை சிங்கமே தொடாதே, நான் எப்படித் தொடுவேன்? என் கோழைத்தனம்கூட இன்ஸ்டிங்க்டால் வந்தது.’ சாராம்சம் இதுதான். நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்தச் சொல் சாக்காக மாறிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? நம் வீட்டுக்காரர் ஃபால்ஸ்டாஃபின் ஒன்றுவிட்ட தம்பி.

தமிழில் இதை என்னவென்று சொல்வது என்பதில் நம் பத்திரிகைகளுக்கே குழப்பம். மனோதத்துவப் பாடநூலில் ‘இயல்பூக்கம்’. மேடைப்பேச்சில் ‘உள்ளுணர்வு’. சூடான பாத்திரத்தைத் தொட்டதும் கை பின்னால் வருகிறதே, அதற்குப் பள்ளிக்கூட அறிவியலில் ‘அனிச்சைச் செயல்’. இச்சை இல்லாமல் நடப்பது. சரி. ஆனால் அதே விஷயத்தை ‘கை தன்னிச்சையாகப் பின்னால் வந்தது’ என்று எழுதுகிறவர்கள் பாதிப்பேர். தன் இச்சையாக என்றால் தானே விரும்பி என்று அர்த்தம். அனிச்சை, தன்னிச்சை இரண்டும் நேர் எதிர்ச் சொற்கள். இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு மொழிச் சமூகம் நிம்மதியாக இருக்கிறது. விரும்பிச் செய்தோமா, விரும்பாமல் செய்தோமா என்பது நமக்கே முக்கியமில்லையோ என்னவோ. (அனிச்சம் என்று திருக்குறளில் வரும் பூவையும் இதில் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் உண்டு. மோந்து பார்த்தால் வாடுகிற அந்தப் பூவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.)

பேச்சுத்தமிழ் இந்த விஷயத்தில் யோக்கியமானது. ‘என் பட்சி சொல்லிச்சு’ என்கிறோம். குறைந்தபட்சம், நானாக நினைக்கவில்லை, ஒன்று வந்து சொன்னது என்று ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் எந்தப் பட்சி, எங்கே கற்றுக்கொண்டது, அதற்கு யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்க வழி பிறக்கிறது.

பட்சியை விசாரிக்க வேண்டும் என்றால் அதற்கென்றே ஒரு ஊர் இருக்கிறது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், திருக்கழுக்குன்றம். பழைய பெயர் பட்சி தீர்த்தம். ஊர்ப் பெயரிலேயே கழுகு உட்கார்ந்திருக்கிறது. சம்பந்தர் பாடும்போதே கழுக்குன்றம்தான். மலைமேல் வேதகிரீஸ்வரர். ஐந்நூற்றுச் சொச்சம் படி. உங்களில் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனில் போயிருக்கலாம். உச்சி வெயிலில் பாறையில் சுடச்சுட உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். பகல் பன்னிரண்டு மணியை ஒட்டி இரண்டு வெள்ளைக் கழுகுகள் வரும். சர்க்கரைப் பொங்கலைக் கொத்தும். போய்விடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காலையில் காசியில் குளியல், மத்தியானம் இங்கே சாப்பாடு, ராத்திரி ராமேஸ்வரத்தில் என்று ஒரு கதை. சாபம் வாங்கிய எட்டு முனிவர்கள், யுகத்துக்கு இரண்டு பேர் என்று இன்னொரு கதை. இந்தக் கலியுகத்து ஜோடிதான் கடைசி.

இந்தப் பறவைகள் எப்படி நேரம் தவறாமல் வந்தன? இதற்கு மூன்று கட்சிகள். பக்தர்கள், தெய்வச் செயல் என்றார்கள். பகுத்தறிவாளர்கள், சோறு போட்டுப் பழக்கின பறவை, இதில் என்ன அதிசயம் என்றார்கள். இங்கிலீஷ் படித்தவர்கள், இரண்டு பக்கமும் பகைத்துக்கொள்ளாமல், ‘இட்ஸ் இன்ஸ்டிங்க்ட்’ என்றார்கள். இந்த மூன்றில் எனக்கு முதல் கட்சி மேல் கோபமில்லை. அவர்கள் தூண்டியவர் பெயரைச் சொல்கிறார்கள், ரோமாபுரிக் கல்வெட்டு மாதிரி. இரண்டாவது கட்சி ஒரு காரணமாவது சொல்கிறது. மூன்றாவது பதில்தான் பதிலே இல்லாத பதில். ஏன் வருகிறது? வரும் குணம் இருப்பதால் வருகிறது. இதற்கு ஒரு ஆங்கில மீடியம் தேவையா?

கொஞ்சம் அந்தப் பறவையைப் பார்ப்போம். மஞ்சள் முகப் பாறு என்பார்கள். பாப்பாத்திக் கழுகு என்றும் சொல்வதுண்டு. வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு, மஞ்சள் மூஞ்சி. எகிப்து, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எல்லாம் இருக்கும் இனம். இந்திய வகையின் விஞ்ஞானப் பெயர் ‘ஜிஞ்ஜினியானஸ்’. நம் செஞ்சிதான். பிரெஞ்சுக்காரர் சொன்னரா செஞ்சிக் கழுகு என்று விவரித்ததை வைத்து 1790-ல் லேதம் சூட்டிய பெயர். செத்த மாடு, அழுகின எலும்பு, சாணி, மலம், இதெல்லாம் இதன் மெனு. அந்த மூஞ்சியின் மஞ்சள் நிறமே சாணியைத் தின்பதால் கிடைக்கிறது என்று ஸ்பெயின் விஞ்ஞானிகள் 2002-ல் கண்டுபிடித்தார்கள். சர்க்கரைப் பொங்கல் எந்தக் கழுகின் ரத்தத்திலும் இல்லை. முட்டையை விட்டு வெளியே வரும்போதே நெய்யும் வெல்லமும் தேடிக்கொண்டு எந்தக் குஞ்சும் வருவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பாறு வாழ்வது அபூர்வம். நூற்றாண்டுக் கணக்கில் வந்துகொண்டிருந்தன என்றால் ஜோடி மாறி ஜோடி வந்திருக்கிறது, ஒவ்வொரு ஜோடியும் அந்தப் பாறையையும் அந்த வேளையையும் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாறை சூடேறி வெந்நிறக் காற்று மேலே எழும்பும் நேரத்தில்தான் கழுகுகள் சிரமமில்லாமல் வட்டமிடும். அதே நேரத்தில் கீழே சோறு. தினமும், ஒரே இடத்தில். இறக்கை கொடுத்தது இயற்கை. டைம்டேபிள் போட்டது கோயில்.

இதே இனம் ஆப்பிரிக்காவில் ஒரு வித்தை செய்கிறது. நெருப்புக்கோழி முட்டை அலகால் கொத்தினால் உடையாது. அதனால் ஒரு கல்லைத் தூக்கி முட்டை மேல் வீசி உடைக்கிறது. குரங்கு ஆராய்ச்சி செய்த ஜேன் குட்ஆல் தன் கணவருடன் சேர்ந்து 1966-ல் இதை எழுதியபோது உலகமே அசந்தது. பின்னால் சில ஆராய்ச்சியாளர்கள், மற்ற கழுகுகளைப் பார்த்துக் கற்க வழியே இல்லாமல் கையால் வளர்த்த பறவைகளை வைத்துச் சோதித்தார்கள். 1989-ல் முடிவு வெளிவந்தது. கல்லை எறிவது கூடப்பிறந்த குணம். யாரும் சொல்லித்தராமலே வருகிறது. ஆனால் முட்டை என்பது தின்னக்கூடியது என்று ஒருமுறை தெரிந்துகொண்ட பிறகுதான் எறிகிறது. பிறவி பாதி, படிப்பு பாதி. எது எவ்வளவு என்பது, உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்து போனவருக்குத் தெரியாது.

பூனை எலியைப் பிடிப்பதைவிடப் பெரிய பிறவிக்குணம் உண்டா? குவோ என்கிற சீன விஞ்ஞானிக்கு இதில் சந்தேகம். 1930-ல் வெளியிட்ட ஆய்வில் அவர் பூனைக்குட்டிகளை மூன்று விதமாக வளர்த்தார். எலி கொல்லும் தாயோடு வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியாக வளர்ந்த 20-ல் 9 கொன்றன. எலியோடு சேர்ந்தே வளர்ந்த 18-ல் மூன்றே மூன்று. அதுவும் தன்னோடு வளர்ந்த ஜாதி எலியை ஒரு குட்டிகூடத் தொடவில்லை. எதிர் வீட்டோடு பழகவிடாமல் பிள்ளைகளை வளர்க்கிற பெற்றோர்கள் இந்தக் கடைசிக் கணக்கை இன்னொரு தடவை படிக்கலாம்.

திருக்கழுக்குன்றத்துக்கு வருகிறேன். 1990-களில் கழுகு வருவது நின்றுபோயிற்று. அதற்கு முன்பும் சில நாள் வராமல் இருப்பதுண்டு. அன்றைக்குக் கூட்டத்தில் பாவிகள் இருக்கிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். நிரந்தரமாகவே வராதபோதும் அதே காரணம் கொஞ்சம் பெரிதாயிற்று: கலி முற்றிவிட்டது. அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. இன்ஸ்டிங்க்ட் கட்சியோ இந்தக் கட்டத்தில் வாயே திறக்கவில்லை. வருவது இயல்பு என்றால், வராமல் போனது எந்த இயல்பு?

அதே வருஷங்களில் இந்தியா முழுக்கக் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. 1992-க்கும் 2007-க்கும் நடுவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் காலி. காரணம் 2004-ல் தெரிந்தது. மாட்டுக்கு வலி தெரியாமல் இருக்கப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்கிற கழுகுக்கு சிறுநீரகம் போய்விடுகிறது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மஞ்சள் முகப் பாறுவும் வேகமாகக் குறைந்துவருவதாக அதே வருஷம் ஆய்வு வந்தது. 2007-ல் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களில் அதைச் சேர்த்தார்கள். கழுகைக் கொல்லும் வேறு இரண்டு வலி மருந்துகளைக் கால்நடைக்குப் போடத் தடை வந்தது 2023-ல்தான். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பாறுக் கழுகு பார்க்க வேண்டுமென்றால் முதுமலை, மாயாறு பக்கம் போகவேண்டும்.

நூற்றாண்டுக் கணக்கில் தினமும் நூற்றுக்கணக்கான ஜனங்கள் ஒரே பறவை ஜோடியை அண்ணாந்து பார்த்த ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்? பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள்கூட இந்த மலைக்கு வந்து, ஒருகல் மண்டபத்துச் சுவரில் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கெட்ட பழக்கத்தில் நமக்கு முன்னோடிகள். இத்தனை கண்கள் இருந்தும், உட்கார்ந்து விசாரித்தவர் என்று தேடினால் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி மாதிரி ஓரிருவர்தான் அகப்படுகிறார்கள். அவர் 1977-ல் பறவை ஆர்வலர்களுக்கான ஒரு சிற்றிதழில் இந்தக் கழுகுகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மற்றவர்களுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வதும், ‘இன்ஸ்டிங்க்ட்’ என்று தலையை ஆட்டுவதுமே போதுமானதாக இருந்திருக்கிறது.

பறவையோடு போனால் பரவாயில்லை. இந்த வார்த்தையை நாம் மனிதர்கள் மேலும் வைக்கிறோம்.

அதே மாவட்டத்தில், மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் மருந்துக்கு மூலப்பொருள் பெரும்பாலும் இவர்கள் கையிலிருந்துதான் போகிறது. அங்கே வேடிக்கை பார்க்கப் போகிற நம்மவர்கள் தவறாமல் உதிர்க்கும் வாக்கியம்: “அவங்களுக்கு அது ரத்தத்திலேயே இருக்கு ஸார். இன்ஸ்டிங்க்டிவ்வா பாம்பு இருக்கற இடம் தெரிஞ்சுடும்.”

பாராட்டு மாதிரிதான் இருக்கிறது. நிஜத்தில் இது திருட்டு. ஒரு வளை வாயில் சிலந்திக்கூடு இருந்தால் உள்ளே யாரும் சமீபத்தில் போகவில்லை. வாய் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் போக்குவரத்து உண்டு. கிடக்கும் சட்டை எந்தப் பாம்புடையது, எச்சம் புதுசா பழசா, தடம் எந்தப் பக்கம் போகிறது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பா பின்னாலும் அம்மா பின்னாலும் வரப்பு வரப்பாகப் போய்ப் படித்த படிப்பு இது. பரீட்சையில் தப்புக்கு மார்க் குறையாது, உயிர் போகும். இதையே ஒருவர் அமெரிக்காவில் போய்ப் படித்துவிட்டு வந்தால் டாக்டர் பட்டம். இருளர் செய்தால் ரத்தம். ரத்தத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை, பாருங்கள். 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாக்காரர்கள், சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்பைப் பிடிக்க முடியாமல், செங்கல்பட்டு மாவட்டத்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துக்கொண்டு போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்பு. ஃப்ளோரிடாவும் மலைப்பாம்பும் அவர்கள் ரத்தத்தில் எப்போது ஏறின? தடம் படிக்கத் தெரிந்தவர்கள் புதுத் தடத்தையும் படித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பத்ம விருது ரத்தப் பரிசோதனை செய்து தரப்படுவதில்லை.

‘ரத்தத்திலேயே இருக்கு’ என்ற வாக்கியத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. பாம்பு பிடிப்பது ரத்தத்தில் இருந்தால் திருடுவதும் இருக்குமல்லவா? ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் போலீஸ் ஜீப் முதலில் எந்தக் குடிசைப் பக்கம் திரும்பும் என்று கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்டால், ‘இன்ஸ்பெக்டருக்கு இன்ஸ்டிங்க்டிவ்வா தெரியும்’. இதைச் சட்டமாகவே போட்டு வைத்திருந்தார்கள் வெள்ளைக்காரர்கள். 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம். சில ஜாதிகள் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஜனங்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். குற்றம் செய்யாதவனும் கைநாட்டு வைத்து, ஸ்டேஷனில் ஆஜராகி, ராத்திரி வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. சட்டத்தை நாடு முழுக்க எடுத்தது 1952-ல்.

சட்டம் போனது. வார்த்தை போகவில்லை. ‘தப்பி ஓடும் இயல்பான நாட்டம் உள்ள’ வகுப்பார், உதாரணமாக நாடோடிப் பழங்குடிகள், அவர்களுக்குச் சிறைக்குள் இரவுக் காவல் வேலை தரக்கூடாது என்று மேற்கு வங்கச் சிறை விதியில் இருந்தது. 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், ஜாதி பார்க்கும் இதுபோன்ற சிறை விதிகளையெல்லாம் ரத்து செய்கிற வரை அது புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது. ‘இயல்பான நாட்டம்’! இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்து இருபத்துநாலு வருஷம் ஆன பிறகும்.

சரி, அப்படியென்றால் உள்ளுணர்வே பொய்யா என்று கேட்பீர்கள். கேட்கவேண்டும். கோகிலமேட்டிலோ தேவனேரியிலோ கட்டுமரத்தில் போய் வயசானவர், அதிகாலையில் தண்ணீரைப் பார்த்துவிட்டு ‘இன்னிக்குப் போவேணாம்’ என்றால் நான் போகமாட்டேன். காரணம் கேட்டால் அவரால் வரிசையாகச் சொல்ல முடியாமல் இருக்கலாம். அதனால் அது மந்திரமாகிவிடாது. உள்ளுணர்வை நம்பக்கூடாது என்று எழுதிவந்த டேனியல் கானமனும், தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வைப் புகழ்ந்து எழுதிவந்த கேரி க்ளைனும் சண்டை போடலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து, சண்டை போட முடியாமல் 2009-ல் ஒரே கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டது இரண்டு விஷயம். விஷயத்தில் ஒரு ஒழுங்கு இருக்கவேண்டும். நீ சொன்னது சரியா தப்பா என்று உனக்குத் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்க வேண்டும். கடல் அன்றைக்கே பதில் சொல்லிவிடும். பாம்பு உடனே சொல்லும். அழுகிற குழந்தையும் அப்படித்தான். பசிக்குப் பால் கொடுத்தால் நிற்கும், வயிற்று வலிக்குக் கொடுத்தால் இன்னும் கத்தும். ஆயிரம் ராத்திரி அந்தப் பாடத்தைப் படித்தவருக்குத் தெரிகிறது, படிக்காதவருக்குத் தெரியவில்லை. போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தால் அப்பாவுக்கும் ஆறு மாசத்தில் வந்துவிடும், அந்தத் தெய்விகத் தாய்மை.

நம் வீட்டுக்காரருக்கு வருவோம். அவரைக் குத்தின தார்க்குச்சி யார் கையில் இருந்தது? ‘அந்தத் தெருப்பக்கம் போகாதே’ என்று சின்ன வயசில் சொன்ன பாட்டி கையில் கொஞ்சம். எந்தப் பேட்டைக்காரன், என்ன நிறம், என்ன பேர் இருந்தால் அடியாள் என்று முப்பது வருஷம் பாடம் எடுத்த சினிமா கையில் கொஞ்சம். அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப் கையில் மிச்சம். இருக்கட்டும், யாரிடமிருந்து வந்தாலென்ன, அவர் சொன்னது சரியாக இருந்ததா? இருபது வருஷமாக வீடு வாடகைக்கு விடுகிறார். எந்தத் தெரு என்று கேட்டு வேண்டாம் என்று அனுப்பியவர்களில் ஒருவரையாவது குடிவைத்துப் பார்த்திருக்கிறாரா? வாடகை ஒழுங்காக வந்ததா, சுவரில் ஆணி அடித்தார்களா, மோட்டார் போட்டுவிட்டு மறந்தார்களா என்று ஒரு தடவையாவது அவருக்குத் தெரியவந்ததா? இல்லை. இருபது வருஷமாக அவருடைய பட்சி ஒரு பரீட்சைகூட எழுதவில்லை. அடுத்த மாசம் வீடு காலியாகிறதாம். டு-லெட் போர்டு எழுதக் கொடுத்திருக்கிறார்.